‘ஸப்ர்’ என்னும் சொல்லும் ‘பொறுமை’ என்னும் மொழிபெயர்ப்பும்

மரணம் நிகழ்ந்த இல்லத்திலும், வணிகம் நொடித்துப்போன உறவினரிடத்திலும், கணவனின் கொடுமை தாளாமல் தாய்வீடு திரும்பிய பெண்ணிடத்திலும் நம் மக்கள் முதலாவதாகச் சொல்லும் சொல் ‘சபுர் செய்யுங்கள்’ என்பதே. இம்மூவருக்கும் ஒரே சொல் பொருந்துமா என்று நாம் கேட்பதில்லை. அரபுச் சொல்லைத் தமிழ்ப்படுத்தும்போது ‘பொறுமை’ என்கிறோம். ‘ஸாபிரீன்’ என்போரைப் ‘பொறுமையாளர்கள்’ என்கிறோம். திருக்குர்ஆனில் இச்சொல்லின் வேரிலிருந்து கிளைத்த வடிவங்கள் 103 முறை வருகின்றன. தொழுகையோடு இணைத்துச் சொல்லப்படுவதும், கணக்கின்றி வழங்கப்படும் கூலிக்குரியதாகக் கூறப்படுவதும் இப்பண்பே. இத்துணை முதன்மை வாய்ந்த ஒரு கலைச்சொல்லை ஒற்றைத் தமிழ்ச் சொல்லால் நிரப்பிவிட்டு, அதனால் விளைந்தது என்ன என்று பார்க்காமலே இருந்துவிட்டோம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

‘பொறுமை’ தவறான சொல் என்று நான் கூறவரவில்லை. அது சில இடங்களில் மிகப் பொருத்தமாக அமைகிறது. பல இடங்களில் பாதிப் பொருளையே தருகிறது. சில இடங்களில் பொருளையே குலைத்துவிடுகிறது. இந்த மூன்றாம் வகை இடங்களைக் கவனியாததால் ஓர் அறநெறிப் பிழை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. உண்மையைப் பற்றி நிற்பவனின் பண்பாகக் குர்ஆன் கூறிய ஒன்று, அநீதிக்கு ஆளானவனிடம் பிறர் வற்புறுத்திக் கேட்கும் பண்பாக மாறிவிட்டது.

முதலில் சொல்லின் வேரைப் பார்ப்போம். ‘ஸப்ர்’ என்பதன் அடிப்படைப் பொருள் ‘ஹப்ஸ்’, அதாவது பிடித்து நிறுத்துதல், கட்டுப்படுத்தி வைத்தல் என்று அகராதியாசிரியர்கள் கூறுவர். தீனி போடாமல் ஒரு விலங்கைக் கட்டிவைப்பதற்கும் இவ்வினையையே அரபியர் வழங்கினர் என்று ‘முஃப்ரதாத்’ நூலில் ராகிப் அல்இஸ்ஃபஹானீ (ரஹ்) எடுத்துக்காட்டுகிறார். விலங்குகளைக் கட்டிவைத்து அம்பெய்து கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் வரும் நபிமொழியில் ‘கட்டிவைத்தல்’ என்பதற்கு இதே வினைதான் பயின்றுவருகிறது. கைதியாகப் பிடித்து நிறுத்திக் கொல்லப்பட்டவனை ‘குதில ஸப்ரன்’ என்பர். நீதிபதியின் முன் நிறுத்தப்பட்டு ஒருவன் செய்தே ஆகவேண்டிய சத்தியம் ‘யமீனுஸ் ஸப்ர்’ எனப்படும். இவ்வழக்குகள் எவற்றிலும் மனஅமைதி என்னும் பொருள் இல்லை. பிடிப்பு இருக்கிறது, இறுக்கம் இருக்கிறது.

இப்னுல் கையிம் (ரஹ், இறப்பு கி.பி. 1350) ‘உத்ததுஸ் ஸாபிரீன்’ என்னும் தம் நூலில் இன்னும் இரண்டு கருத்துகளைத் தருகிறார். இச்சொல் கடுமை, வலிமை என்னும் பொருளிலிருந்து வந்தது என்பது ஒன்று. கடுங்கசப்புடைய கற்றாழைச் சாற்று மருந்துக்கு ‘ஸபிர்’ என்று பெயர் வந்ததை அதற்குச் சான்றாகக் காட்டுவர். நம் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கப்படும் மூசாம்பரம் அதே கற்றாழைச் சாற்றை உலர்த்தியதுதான். அதன் பெயரும் ‘முஸப்பர்’ என்பதன் திரிபே. ஒன்று சேர்த்தல், குவித்தல் என்னும் பொருளிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. தானியக் குவியலை ‘ஸுப்ரா’ என்பர். சிதறிப்போகாமல் தன்னைத் தானே ஒன்றுகூட்டி வைத்துக்கொள்பவனே ஸாபிர் என்பது இதன் விளக்கம். தடுத்தல், வலிமை, ஒன்றுகூட்டல் ஆகிய மூன்றையும் ஒருங்கே கொண்டது இச்சொல் என்று அவர் முடிக்கிறார். எனக்கு இம்மூன்றாவது விளக்கம் பெரிதும் உவப்பானது. துன்பத்தில் மனிதன் முதலில் இழப்பது தன்னுடைய ஒருமையைத்தானே!

வேர்ப்பொருள் பழங்கதை, வழக்கில் அது மறைந்துபோயிற்று என்று ஒருவர் கூறலாம். குர்ஆன் அதற்கு இடந்தரவில்லை. கஹ்ஃப் அத்தியாயத்தின் 28ஆம் வசனத்தில் இவ்வினை செயப்படுபொருளை நேரடியாக ஏற்று வருகிறது: ‘வஸ்பிர் நஃப்ஸக’. காலையிலும் மாலையிலும் தம் இறைவனை அழைத்துக்கொண்டிருக்கும் மக்களோடு உம்மைப் பிடித்து நிறுத்திக்கொள்வீராக, உலகின் பகட்டை நாடி உம் கண்கள் அவர்களை விட்டு அகலவேண்டா என்பது அதன் கருத்து. ஏழை எளியவர்களான தோழர்களை அவையிலிருந்து அகற்றினால் நாங்கள் வந்து அமர்வோம் என்று குறைஷித் தலைவர்கள் கூறியதை ஒட்டி இவ்வசனம் அருளப்பெற்றது என்று விரிவுரையாளர்கள் கூறுவர். இங்கே ஸப்ர் என்பது பணம் படைத்தோரின் பக்கம் சாயாமல் எளியோரின் பக்கத்தில் தன்னைக் கட்டிவைத்துக் கொள்வது. வகுப்பில் மாணவர்கள் இவ்வசனத்திற்கு வரும்போது தயங்கி நிற்பார்கள். மனனம் செய்துவைத்த ‘பொறுமை’யை இங்கே எந்த வேற்றுமை உருபோடு சேர்ப்பது என்று தெரியாமல் விழிப்பார்கள். அவர்களுடைய தயக்கம் முற்றிலும் நியாயமானது. ‘ஏழைகளோடு பொறுமையாக இரும்’ என்று மொழிபெயர்த்தால் ஏழைகள் ஏதோ தொல்லை தருபவர்கள், அவர்களைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்று பொருள்பட்டு, வசனத்தின் நோக்கமே தலைகீழாகிவிடும்.

இதைவிட வியப்பான சான்று ‘ஸாத்’ அத்தியாயத்தில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் அழைப்பைக் கேட்ட மக்கத்துத் தலைவர்கள் எழுந்து செல்லும்போது தம் மக்களிடம், நடந்து செல்லுங்கள், உங்கள் தெய்வங்களின் மீது ‘ஸப்ர்’ கொள்ளுங்கள் என்கிறார்கள் (38:6). ஃபுர்கான் அத்தியாயத்திலும் (25:42) நாங்கள் ‘ஸப்ர்’ கொண்டிராவிட்டால் இவர் எங்களை எங்கள் தெய்வங்களை விட்டே வழிதிருப்பியிருப்பார் என்கிறார்கள். இணைவைப்போர் தம் சிலைகளிடம் காட்டிய பொறுமை யாது? அப்படி ஒன்றுமில்லை. பற்றிய பிடியை விடாதீர்கள் என்பதே அவர்களின் அறைகூவல். ஆக, ஸப்ர் என்னும் செயல் தன்னளவில் நன்மையுமன்று, தீமையுமன்று. எதைப் பற்றி நிற்கிறோம் என்பதே அதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது. அரபியர் இதனை இடைச்சொற்களால் வேறுபடுத்திக் காட்டுவர்: ‘அலா’ சேர்ந்தால் ஒன்றின் மீது ஊன்றி நிற்றல், ‘அன்’ சேர்ந்தால் ஒன்றிலிருந்து தன்னை விலக்கி நிறுத்தல், ‘லாம்’ சேர்ந்தால் ஒன்றன் பொருட்டு நிற்றல். உம் இறைவனின் தீர்ப்புக்காக என்றும் (52:48), உம் இறைவனுக்காக என்றும் (74:7) வருவன இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. ‘பொறுமையாக இரு’ என்னும் ஒரே தொடர் இம்மூன்றையும் விழுங்கிவிடுகிறது.

ஒரு சொல்லை அறிய அதன் எதிர்ச்சொல்லைக் கேட்பது நல்ல முறை. நரகவாசிகள், நாம் ‘ஜஸஃ’ கொண்டாலும் ‘ஸப்ர்’ கொண்டாலும் நமக்கு ஒன்றே என்று கூறுவதாக இப்ராஹீம் அத்தியாயத்தில் (14:21) வருகிறது. ஜஸஃ என்பது துன்பத்தில் நிலைகுலைந்து போதல். துணிந்த நெஞ்சம் அறுந்து விழுதல். எனவே ஸப்ரின் எதிர்ச்சொல் அழுகையன்று, முறையிடுதலன்று, எதிர்த்து நிற்றலுமன்று. நிலைகுலைதல் ஒன்றே அதன் எதிர். ‘அழகிய ஸப்ர்’ என்னும் தொடரை இருமுறை கூறிய நபி யஃகூப் (அலை) அவர்களின் வரலாற்றைக் காண்க. இரண்டாம் முறை அதனைக் கூறிய (12:83) உடனேயே அவர்களுடைய கண்கள் துயரத்தால் வெளுத்துப் போனதைக் குர்ஆன் சொல்கிறது (12:84). என் துயரத்தையும் கவலையையும் அல்லாஹ்விடமே முறையிடுகிறேன் என்கிறார்கள் (12:86). அதற்கடுத்த வசனத்தில், பிள்ளைகளே, போய் யூசுஃபையும் அவருடைய சகோதரரையும் தேடுங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று அனுப்புகிறார்கள். கண்ணீரும் முறையீடும் தேடலும் ஆகிய மூன்றும் அழகிய ஸப்ருக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. ‘வந்ததை ஏற்றுக்கொண்டு வாய்மூடி இரு’ என்று பொறுமைக்குப் பொருள் கற்பிக்கும் மேடைப் பேச்சாளர்கள் பெரும்பாலும் 83ஆம் வசனத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 87 வரை ஓதுவதில்லை.

இனித் தமிழ்ச் சொல்லின் பக்கம் வருவோம். ‘பொறு’ என்னும் வேர் எளிய வேரன்று. சுமையைத் தாங்குதல் அதன் முதற்பொருள். ‘பொறை’ என்றால் பாரம். ‘பொறுப்பு’ என்பதும் அதன் கிளையே. தூண் கூரையைப் பொறுப்பதுபோல் நிற்பது என்னும் பழைய வன்மை அச்சொல்லில் உண்டு. ஆனால் வழக்கில் அது வேறு இரண்டு பக்கங்களுக்கு நகர்ந்துவிட்டது. ஒன்று, காத்திருத்தல், ‘சற்றே பொறு’ என்கிறோம். மற்றொன்று, பிழையை மன்னித்தல். திருக்குறளின் 16ஆம் அதிகாரமாகிய ‘பொறையுடைமை’ பெரும்பாலும் இப்பொருளிலேயே நடக்கிறது. தீங்கு செய்தவரைப் பொறுத்தலே அதன் பொருள். அரபியில் இதற்கு நேரானது ‘ஹில்ம்’ எனப்படும். சினத்தை அடக்கிய பெருந்தன்மை அது. ஸப்ரின் மையப் பொருளோ, என் கணிப்பில், 63ஆம் அதிகாரமாகிய ‘இடுக்கண் அழியாமை’யில் கிடைக்கிறது. இடுக்கண் வந்தபோது அழியாதிருத்தல் என்பதைக் காட்டிலும் ‘ஜஸஃ கொள்ளாமை’க்குச் சிறந்த தமிழ் ஏது? வள்ளுவர் இரண்டு அதிகாரங்களாகப் பிரித்து வைத்ததை நாம் முதலாவதன் பெயரால் மட்டும் அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதில் நம் பாமர மக்களின் வழக்கு மொழிபெயர்ப்பாளர்களைவிடச் சற்று நுட்பமாக இருந்திருக்கிறது என்பேன். அவர்கள் ‘சபுராய் இரு’ என்று சொல்வதைவிட ‘சபுர் செய்’ என்று சொல்வதே மிகுதி. பொறுமை ‘இருப்பது’, சபுர் ‘செய்வது’. அரபுச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டதால் அதன் வினைத்தன்மையும் ஓரளவு தப்பிப் பிழைத்தது.

இத்துறையில் மேல்நாட்டு ஆய்வுமுறையில் தோய்ந்து எழுதியவர்களுள் ஜப்பானிய அறிஞர் தோஷிஹிகோ இஸுட்ஸு (1914–1993) குறிப்பிடத் தக்கவர். குர்ஆனின் அறவியல் சொற்களைப் பற்றி அவர் 1959இல் எழுதி 1966இல் திருத்தி வெளியிட்ட நூலில், வள்ளன்மை, வீரம், வாக்குறுதி காத்தல், வாய்மை ஆகியவற்றோடு ஸப்ரையும் இஸ்லாத்திற்கு முந்திய அரபியரின் பழம்பண்புகளுள் ஒன்றாக வைத்து, அது இறைநம்பிக்கையின் திசையில் எவ்வாறு திருப்பப்பட்டது என்று ஆராய்கிறார். பாலைநிலத்தில் உயிர்வாழ்வதற்கே வேண்டப்பட்ட உள்ளத்தின் உரமே ஸப்ர், போர்க்களத்தில் அது வீரத்தின் ஒரு கூறு என்பது அவர் கண்ட முடிவு. முஸ்லிமல்லாத ஒருவர் சொற்களை அவற்றின் எதிர்ச்சொற்களோடும் தோழமைச் சொற்களோடும் வைத்து நிறுத்துப் பார்த்த நேர்மை போற்றத் தக்கது. ஆயினும் அவருடைய ஆய்வின் களம் குர்ஆனின் சொல்லமைப்பு. அச்சொல்லைக் கொண்டு நம் அறநூலார் வாழ்க்கைச் சிக்கல்களில் எவ்வாறு தீர்ப்பளித்தார்கள் என்பது அவருடைய வினாவன்று. நமக்கோ அந்த வினா தவிர்க்க இயலாதது.

போர்க்களம் பற்றிய வசனங்களை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தாலூத்தின் படையினர் ஜாலூத்தை எதிர்கொண்டபோது, எங்கள் மீது ஸப்ரைப் பொழிவாயாக, எங்கள் பாதங்களை உறுதிப்படுத்துவாயாக என்று இறைஞ்சினர் (2:250). ஸாபிரூன் 20 பேர் இருந்தால் 200 பேரை வெல்வர் என்றும், பின்னர்ச் சுமை குறைக்கப்பட்டு 100 பேர் 200 பேரை வெல்வர் என்றும் வருகிறது (8:65, 66). ஆலு இம்ரானின் இறுதி வசனம் (3:200) மூன்று ஏவல்களை அடுக்குகிறது: ‘இஸ்பிரூ’, ‘ஸாபிரூ’, ‘ராபிதூ’. நடுவில் உள்ளது எதிரியின் உறுதியை விஞ்சும் உறுதி. மூன்றாவது எல்லையைக் காத்து நிற்றல், அதன் வேரும் ‘கட்டுதல்’ என்பதே. இலக்கண மாணவர்களுக்காக ஒன்று மட்டும் சொல்கிறேன். நன்மை எது என்று விளக்கும் 2:177இல் ‘வல்மூஃபூன’ என்று எழுவாய் வேற்றுமையில் வந்துகொண்டிருந்த அடுக்கு திடீரென ‘வஸ்ஸாபிரீன’ என்று இரண்டாம் வேற்றுமை வடிவத்திற்கு மாறுகிறது. இதனைச் சிறப்பித்துப் புகழ்வதற்காக வந்த மாற்றம் என்கிறார் ஸமஃஷரீ (இறப்பு கி.பி. 1144), வறுமையிலும் பிணியிலும் போர் மூளும் வேளையிலும் நிலைத்து நிற்போரின் மேன்மை அதனால் புலப்படுகிறது. ஓதுபவனின் செவியை அந்த மாற்றம் தட்டி எழுப்ப வேண்டும். தமிழில் அதற்கு வழியில்லை. அது மொழிபெயர்ப்பாளர் குற்றமுமன்று.

ஆனால் ஹிஜ்ரத் பற்றிய வசனங்களில் நாம் தங்கியே ஆகவேண்டும். ஏனெனில் ‘இருந்த இடத்திலேயே இருந்து பட்டுக்கொண்டிரு’ என்னும் பொருளைக் குர்ஆன் முற்றாக மறுப்பது அங்கேதான். அநீதி இழைக்கப்பட்ட பின் அல்லாஹ்வுக்காக நாடு துறந்து சென்றவர்களைப் பற்றி நஹ்ல் அத்தியாயம் பேசுகிறது. அவர்கள் யார் என்று அடுத்த வசனம் விளக்கும்போது அவர்களே ஸப்ர் கொண்டவர்கள், தம் இறைவனையே சார்ந்திருப்பவர்கள் என்கிறது (16:41, 42). ஸுமர் அத்தியாயத்தில் (39:10) அல்லாஹ்வின் பூமி விசாலமானது என்று கூறிய அதே மூச்சில்தான் ஸாபிரூன்களுக்குக் கணக்கின்றிக் கூலி வழங்கப்படும் என்ற வாக்குறுதி வருகிறது. நம் மேடைகளில் வாக்குறுதி மட்டும் ஓதப்படும். பூமியின் விசாலம் விடுபட்டுப்போகும். வெளியேறக் கூடியவர்களாக இருந்தும் அநீதியின் கீழேயே தங்கியிருந்து, நாங்கள் பூமியில் பலவீனர்களாக இருந்தோம் என்று காரணம் கூறியோரிடம் வானவர்கள், அல்லாஹ்வின் பூமி விசாலமாக இருக்கவில்லையா என்று கேட்பதாக நிஸா அத்தியாயம் (4:97) கூறுகிறது. அவர்கள் பட்ட துன்பத்தை ‘ஸப்ர்’ என்று அது அழைக்கவில்லை. வழியற்ற ஆண்கள், பெண்கள், சிறார்களுக்கு அடுத்த வசனத்தில் விலக்கு உண்டு என்பதையும் மறக்கலாகாது.

அநீதிக்கு ஆளானவரின் உரிமை பற்றிய வசனங்கள் இன்னும் தெளிவானவை. ஷூரா அத்தியாயம் 39 முதல் 43 வரை ஒரே கோவையாக ஓதிப் பாருங்கள். அத்துமீறலுக்கு ஆளானால் தற்காத்துக்கொள்வது இறைநம்பிக்கையாளரின் பண்பாகவே முதலில் கூறப்படுகிறது. அவ்வாறு தற்காத்துக்கொண்டவர் மீது குற்றமில்லை என்பது அடுத்து. குற்றமெல்லாம் மக்களுக்கு அநீதி இழைப்போர் மீதே என்பது அதற்கடுத்து. இவ்வளவும் உறுதி செய்த பின்னரே, ஒருவர் ஸப்ர் கொண்டு மன்னித்தால் அது உறுதிமிக்க செயல்களுள் ஒன்று என்று முடிகிறது. நஹ்ல் 126உம் இதே வரிசையில்தான் நடக்கிறது: முதலில் சமமான பதிலுக்குரிய உரிமை, பின்னரே ஸப்ரின் சிறப்பு. உரிமை உடையவர் தாமாக முன்வந்து தம் உரிமையை விட்டுக்கொடுப்பதே அங்கே புகழப்படுகிறது. அவருக்கு உரிமையே இல்லை என்று ஆக்கிவிட்டு, பிறகு அவரிடம் ஸப்ரைக் கேட்பது அந்த வசனங்களின் கட்டமைப்பையே சிதைப்பதாகும்.

அஸ்ர் அத்தியாயத்தை நாம் எல்லோரும் அறிவோம். அதில் ‘தவாஸவ்’ என்னும் வினை பரஸ்பரத் தன்மையுடையது, ஒருவருக்கொருவர் அறிவுறுத்துதல். உண்மையைக் கொண்டு அறிவுறுத்துதல் முன்னும், ஸப்ரைக் கொண்டு அறிவுறுத்துதல் பின்னும் வருகின்றன. லுக்மான் (அலை) தம் மகனுக்குக் கூறிய உபதேசத்திலும் (31:17) தொழுகையை நிலைநாட்டு, நன்மையை ஏவு, தீமையைத் தடு என்பவற்றுக்குப் பின்னரே உனக்கு நேர்வதன் மீது ஸப்ர் கொள் என்பது வருகிறது. தீமையைத் தடுக்கப் புறப்பட்டவனுக்குத் துன்பம் நேராமல் இராது. அதனைத் தாங்கும் வலிமையே அங்குச் சொல்லப்பட்டது. பலத் அத்தியாயத்தில் (90:13–17) அடிமைத் தளையை அவிழ்த்தல், பசிநாளில் அநாதைக்கும் மண்ணில் கிடக்கும் ஏழைக்கும் உணவளித்தல் ஆகியவை கூறப்பட்ட பிறகே ஸப்ரையும் இரக்கத்தையும் கொண்டு ஒருவருக்கொருவர் அறிவுறுத்தல் வருகிறது. எதையும் அவிழ்க்காமல், எவருக்கும் ஊட்டாமல், செல்வர் ஏழைக்கும் கணவன் மனைவிக்கும் ஒருதலையாக ஓதும் சபுருக்கு இவ்வசனங்களில் இடம் காண இயலவில்லை.

நம் ஊர்களின் ஜமாஅத் பைசல்களில் நிகழ்வதை வெளிப்படையாகவே பேசலாம். அடிபட்ட பெண் முறையிட வருகிறாள். ‘சபுர் செய், அல்லாஹ் கூலி தருவான்’ என்று பெரியவர்கள் அனுப்பிவைக்கிறார்கள். அடித்தவனிடம் யாரும் ஸப்ரைப் பற்றிப் பேசுவதில்லை. சினத்தில் தன்னைப் பிடித்து நிறுத்தும் கடமை முதலில் அவனுக்கல்லவா உண்டு? இமாம் கஸ்ஸாலீ (ரஹ், இறப்பு கி.பி. 1111) இஹ்யாவின் ‘ஸப்ரும் ஷுக்ரும்’ என்னும் பகுதியில் இதனை நேரடியாகவே தீர்த்துவைத்திருக்கிறார்கள். மார்க்கத்தின் உந்துதல் இச்சையின் உந்துதலை எதிர்த்து நிலைபெறுதலே ஸப்ர் என்பது அவர்களின் வரையறை. போரில் அதன் பெயர் வீரம், சினத்தில் ஹில்ம், இச்சையில் கற்பொழுக்கம், சொல்லில் மறைபொருள் காத்தல் என்று இடத்திற்கேற்ப அதன் பெயர் மாறும் என்கிறார்கள். பின்னர் விலக்கப்பட்ட ஸப்ர் ஒன்று உண்டு என்கிறார்கள். தன் கையோ தன் பிள்ளையின் கையோ வெட்டப்படும்போது பேசாமல் இருப்பவனின் ஸப்ரும், தன் வீட்டுப் பெண்ணிடம் ஒருவன் தகாத நோக்கோடு நெருங்கும்போது வாளாவிருப்பவனின் ஸப்ரும் ஹராம். ஸப்ர் ஈமானின் பாதி என்பதைக் கேட்டு எல்லா ஸப்ரும் புகழத்தக்கது என்று மயங்கவேண்டா, ஷரீஅத்தே அதன் உரைகல் என்னும் கருத்தும் அங்கேயே இருக்கிறது. இப்னுல் கையிம் (ரஹ்) ஸப்ரை ஐந்து சட்டநிலைகளாகவே பகுத்து, உண்ணாமல் பருகாமல் இருந்து உயிர்விடும் ஸப்ரை விலக்கப்பட்டதில் சேர்க்கிறார். மத்ரஸாக்களில் பயிலப்படும் நூல்களே இவை. இஹ்யாவின் இப்பத்தி மிம்பரில் ஒலிக்கக் கேட்டதுண்டா?

இதற்கு நபிவழியிலும் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. கணவர் கூறிய ‘ளிஹார்’ என்னும் கொடிய சொல்லால் கைவிடப்பட்ட நிலைக்கு ஆளான கவ்லா பின்த் ஸஅலபா (ரலி) நபி (ஸல்) அவர்களிடமே வாதிட்டார், அல்லாஹ்விடம் முறையிட்டார். அவருடைய வாதத்தை அல்லாஹ் செவியேற்றான் என்றே முஜாதலா அத்தியாயம் தொடங்குகிறது. ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் மனைவி, கணவரின் குணத்திலோ மார்க்கத்திலோ குறை கூறவில்லை, ஆயினும் அவரோடு வாழ இயலவில்லை என்றபோது, பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தருவாயா என்று கேட்டு நபி (ஸல்) அவர்கள் மணவிலக்குக்கு வழி செய்தார்கள் என்பது புகாரீயில் உள்ளது. ஸப்ர் செய் என்று கூறி அவரைத் திருப்பி அனுப்பவில்லை.

மறுப்பு ஒன்று எழும். மக்காவில் யாஸிர் (ரலி) குடும்பத்தார் வதைக்கப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் ஸப்ரைத்தானே போதித்தார்கள்? கஅபாவின் நிழலில் சாய்ந்திருந்த நபியிடம் கப்பாப் (ரலி) முறையிட்டபோது, முற்காலத்தவர் ரம்பத்தால் அறுக்கப்பட்டும் மார்க்கத்தை விட்டு அகலவில்லை என்றும் நீங்கள் அவசரப்படுகிறீர்கள் என்றுமன்றோ பதில் வந்தது? ஆம். அந்த மறுமொழியிலேயே விளக்கமும் இருக்கிறது: மார்க்கத்தை விட்டு அகலாமை. அவர்கள் பிடித்து நின்றது ஓர் உண்மையை. வதைத்தவர்கள் பறிக்க முயன்றதும் அதனையே. சொல்லியவர் பாதுகாப்பான மாடத்தில் இருந்து சொல்லவில்லை, அதே துன்பத்தில் உடனிருந்து சொன்னார்கள். மேலும், கையில் பொருளிருந்த அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) அவர்களுக்குப் பொறுமை போதித்து நின்றுவிடாமல் விலை கொடுத்து விடுதலை செய்தார்கள். அபிசீனியாவுக்கு வழி திறக்கப்பட்டது. மாற்ற இயலாத துன்பத்தில் தாங்கி நிற்பதும், மாற்றக்கூடிய துன்பத்தை மாற்ற முனைவதும் அன்று ஒரே சொல்லின் கீழ் நடந்தன.

எதிர்ப்பக்கத்து மிகையையும் சொல்லாமல் விடுவது நடுநிலையாகாது. இக்காலத்தில் சிலர் ஸப்ர் என்றாலே போராட்டம் என்று எழுதுகிறார்கள். அவர்கள் நோய்ப்படுக்கையில் கிடப்பவரை மறந்துவிடுகிறார்கள். கப்றருகே அழுதுகொண்டிருந்த பெண்ணிடம் முதல் அதிர்ச்சியில்தான் ஸப்ர் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியது எந்தப் போராட்டத்தைப் பற்றியதுமன்று. தம் மகன் இப்ராஹீம் (ரலி) இறந்தபோது கண்கள் கலங்கினாலும் இறைவனுக்கு உவப்பானதையே மொழிந்த அந்த நிலை, தாங்கிக்கொள்ளுதல் என்பதன் உச்சம். மூஸா (அலை) அவர்கள் கிள்ர் (அலை) அவர்களோடு சென்ற பயணத்தில் ‘என்னோடு ஸப்ர் கொள்ள உம்மால் இயலாது’ என்னும் கருத்து மீண்டும் மீண்டும் வருகிறது (18:67, 72, 75). அங்கே அறியாததைக் குறித்துக் கேள்வி எழுப்பாமல் காத்திருத்தலே பொருள். ‘பொறுமை’ அவ்விடத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது. ‘அஸ்ஸபூர்’ என்னும் இறைப்பெயருக்கும் அப்படியே. உரிய காலத்திற்கு முன் அவசரப்பட்டுச் செயலில் இறங்காதவன் என்று கஸ்ஸாலீ (ரஹ்) அதனை விளக்குகிறார்கள். பாவிகளைத் தண்டிக்க விரையாதவனைப் ‘பொறுமையாளன்’ என்பதில் குறையொன்றுமில்லை.

அப்படியானால் தமிழில் என்ன செய்வது? நம் முன்னோடி மொழிபெயர்ப்பாளர்களைக் குறைகூறுவது நன்றியற்ற செயல். முழுக் குர்ஆனையும் முதன்முதலாகத் தமிழில் தந்த ஆ.கா. அப்துல் ஹமீத் பாகவி (ரஹ்) அவர்களின் காலத்தில் சொல்லையே உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்கள் வெட்டிய பாதையில் நடக்கும் நாம் அதனைச் செப்பனிடலாம். இடத்திற்கேற்ப வெவ்வேறு தமிழ்ச் சொற்களை ஆள்வது ஒரு வழி: போர்க்களத்தில் ‘நிலைகுலையாமை’, ஹிஜ்ரத் வசனங்களில் ‘உறுதி’, பிணியிலும் இழப்பிலும் ‘தாங்குதல்’, கிள்ர் (அலை) வரலாற்றில் ‘பொறுமை’. இதிலும் ஓர் இழப்பு உண்டு. அரபியில் ஓதுபவன் இவ்விடங்களிலெல்லாம் ஒரே சொல்லின் எதிரொலியைக் கேட்கிறான். தமிழில் படிப்பவனுக்கு அது கேட்காது. ஆகவே தமிழ்ச் சொல் எதுவாயினும் அடைப்புக்குள் ‘ஸப்ர்’ என்று எழுதி, நூலின் இறுதியில் அச்சொல் வரும் இடங்களை ஓர் அட்டவணையாகத் தருவதே தக்கது என்று எண்ணுகிறேன். மத்ரஸாக்களின் மேல்வகுப்பு மாணவர்கள் ஓராண்டில் முடிக்கக்கூடிய பணிதான் இது. தொடங்குவோர் கஹ்ஃப் அத்தியாயத்தின் 28ஆம் வசனத்தை முதலில் எடுத்துக்கொண்டு, ‘உம்மை அவர்களோடு பிணைத்து நிறுத்திக்கொள்வீராக’ என்று எழுதிப் பார்க்கலாம்.